மடையும் கலுங்கும்

நல்லேப்பிள்ளியில் குடியேறிய நாள்முதல் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு மீன்தொட்டி இருந்து வருகிறது. நீளம் 4 அடி. அகலமும் உயரமும் ஒன்றரை அடி. ஏறத்தாழ 250 லிட்டர் கொள்ளும். சென்ற ஆண்டு எங்கள் மைந்தன் அதன் கீழே ‘சம்ப்’ என்னும் அடித்தொட்டி ஒன்றை அமைத்தான். மேல்தொட்டி நீர் குழாய் வழியே தானே இறங்கும், அடித்தொட்டியில் வடிகட்டப்பெறும், மணிக்கு 2,000 லிட்டர் தள்ளும் பம்பினால் மீண்டும் மேலேறும். இறங்குவதற்கு 32 மில்லிமீட்டர் குழாய் ஒன்றே போதும் என்று கருதினோம்.

ஓர் இரவு நீர்ச்செடியின் இலை ஒன்று அக்குழாயின் வாயை அடைத்துக்கொண்டது. பம்போ நிற்கவில்லை. அடித்தொட்டியின் கடைசி அறையிலிருந்த 40 லிட்டரையும் மேலேற்றியது. மேல்தொட்டியில் விளிம்புவரை எஞ்சியிருந்த இடம் 2 அங்குலமே. அதில் 28 லிட்டர்தான் அடங்கும். மிகுந்த 12 லிட்டரும் வழிந்து, கீழ்த்தட்டில் இருந்த எம் தந்தையாரின் குறிப்பேட்டை நனைத்துவிட்டது.

தந்தையார் இராமநாதபுரம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் கண்மாய் நீர்பாய்ச்சியாக இருந்தவர். எவர் வயலுக்கு எந்நாளில் நீர் என்னும் முறை அவ்வேட்டில் இருந்தது. ஊரைவிட்டு வந்தபோது அவர் கையோடு கொணர்ந்த பொருள்களுள் அதுவும் ஒன்று. காலையில் பார்த்தபோது பல பக்கங்களில் மை கரைந்திருந்தது. பையன் தலைகுனிந்து நின்றான். தந்தையார் சினக்கவில்லை. “மடை வைத்திருக்கிறாய், ஐயா, கலுங்கு எங்கே?” என்று மட்டும் கேட்டார்.

மடை அளந்து நீர் விடுவது. கலுங்கு கண்மாய் நிறைந்தபின் மிகுநீரைக் கழிப்பது. கலுங்கில்லாக் கண்மாயின் கரை ஒரு பெருமழையில் உடையும். எங்கள் சித்தூர் வட்டத்து நிலையும் அதுவே. 1970ஆம் ஆண்டின் பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் ஆண்டுக்கு 725 கோடி கன அடி நீர் அளந்து தரப்பெற வேண்டும். ஆயினும் ஆற்றில் வெள்ளம் வருங்கால் அது ஒப்பந்தத்தைப் பார்த்து வருவதில்லை.

அதன்பின் கணக்கிட்டுப் பார்த்தோம். பம்பு நீரை உந்துகிறது. இறங்கு குழாயில் நீர் தன் எடையால் மட்டுமே விழுகிறது. ஆதலின் இறங்கு வழி ஏறு வழியினும் அகன்றிருத்தல் வேண்டும். கடையில் சொல்லும் 32, 50 என்னும் எண்கள் குழாயின் வெளிவிட்டம். சுவர்க் கனம் 2 மில்லிமீட்டர் எனின் உள்விட்டம் 28, 46 ஆகும். பரப்பு விட்டத்தின் இருமடியாக வளர்வதால் 50 குழாயின் உள்வாய் 32 குழாயினதைப்போல் ஏறத்தாழ 2.7 மடங்கு.

இப்பொழுது 50 மில்லிமீட்டர்க் குழாய்கள் இரண்டு வைத்துள்ளோம். ஒன்று நாளும் நீர் இறக்குவது. மற்றொன்றின் வாய் முன்னதினும் ஓர் அங்குலம் உயரத்தில் உள்ளது. அதில் அடைப்பான் எதுவும் இல்லை. அது பெரும்பாலும் காய்ந்தே கிடக்கும். அதுவே எங்கள் கலுங்கு. இரண்டின் வாயிலும் இலை தடுக்கும் சல்லடை உண்டு. மின்சாரம் நின்றால் மேலிருந்து ஓர் அங்குல நீர் இறங்கினும் 14 லிட்டர் ஆகும். அதற்கு மேலும் இடம் இருக்குமாறு அடித்தொட்டியைக் குறைவாகவே நிரப்புகிறோம்.

அமைத்த அன்றே முதற்குழாயின் வாயைத் துணியால் அடைத்துச் சோதித்தோம். தந்தையார் நாற்காலியில் அமர்ந்து பார்த்திருந்தார். ஒரு சொட்டும் தரையில் விழவில்லை.

கரைந்த பக்கங்களை அவர் சொல்லச் சொல்லப் பெயரன் புதிய ஏட்டில் எழுதி வருகிறான். சில பெயர்கள் அவருக்கு நினைவில் வரவில்லை; அவ்விடங்களை வெறுமையாக விட்டிருக்கிறோம். மீன்தொட்டி வைக்கும் அன்பர்கள், குழாய் வாங்கும் முன் கலுங்குக்கும் ஓர் இடம் குறித்துக்கொள்வார்களாக.