மாத்திரைப் பையில் தொடங்கும் பாலிசி

அறுபது தாண்டியவர்களுக்கு மருத்துவக் காப்பீடு போட வேண்டும் என்று கூப்பிட்டால், நான் முதலில் கேட்பது ஆதார் அட்டையை அல்ல, மாத்திரைப் பையை. கடலூர், சிதம்பரம் பக்கத்து வீடுகளில் அது பெரும்பாலும் ஜவுளிக்கடை மஞ்சப்பையாக இருக்கும். சில வீடுகளில் பிஸ்கட் டப்பா. அதைத் தரையில் கொட்டி, ஒவ்வொரு அட்டையின் பெயரையும் எழுதிக்கொண்ட பிறகுதான் ப்ரபோசல் ஃபாரத்தை எடுப்பேன்.

சிதம்பரம் வடக்கு வீதிக்குப் பின்னால் ஒரு வீடு. நெல் வியாபாரம் பார்த்து ஓய்ந்த பெரியவர். “சுகர் மட்டுந்தான் தம்பி, வேற ஒண்ணுங் கெடையாது” என்றார். பையில் மெட்ஃபார்மின் இருந்தது, சரி. டெல்மிசார்டனும் இருந்தது, அது பிரஷருக்கு. அடியில் பாதி தீர்ந்த க்ளோபிடோக்ரெல் அட்டை. “ஐயா, இது ரத்தம் உறையாம இருக்கக் குடுக்கற மாத்திரை. நெஞ்சு வலின்னு எங்கயாவது சேர்ந்தீங்களா?” அவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாதான் சொன்னார்: “பாண்டியில ஐசியூல வெச்சிருந்தாங்களே! ஸ்டென்ட் எதுவும் வெக்கல, அதனால இவரு அத வியாதிக் கணக்குலயே சேக்கறதில்ல.”

இவர் சேர்க்காவிட்டாலும் கம்பெனி சேர்க்கும். நாளைக்கு நெஞ்சு வலியோடு ஆஸ்பத்திரியில் படுத்தால், வார்டு டாக்டர் கேஸ் ஷீட்டில் முதலில் எழுதுவதே பழைய கதையைத்தான். அந்தத் தாள் அப்படியே, கம்பெனிக்காக க்ளைமைப் பரிசீலிக்கும் டிபிஏ மேசைக்குப் போகும். ஃபாரத்தில் இல்லாத நெஞ்சு வலி அங்கே இருந்தால், ‘மறைத்தல்’ என்று ஒரு வரியில் க்ளைம் முடிந்துவிடும். எல்லாவற்றையும் எழுதினால் பிரீமியம் ஏறலாம், சில கம்பெனி வேண்டாம் என்றே சொல்லலாம். சொல்லட்டும். ஏற்கிற இன்னொரு கம்பெனியைத் தேடிப் பிடிப்பதுதான் ஏஜென்ட்டின் வேலை.

“அஞ்சு வருஷம் எப்படியாவது ஓட்டிடுங்க, அப்புறம் யாரும் கேக்க முடியாது” என்று சொல்லித்தரும் ஆட்கள் எங்கள் தொழிலிலேயே இருக்கிறார்கள். தொடர்ந்து 60 மாதம் கட்டிய பாலிசியில் ‘சொல்லவில்லை’ என்ற காரணத்தைக் காட்டி மறுக்கக் கூடாது என்று விதி இருப்பது உண்மை. மோசடி என்று நிரூபித்தால் அந்தப் பாதுகாப்பும் கிடையாது என்பதை மட்டும் விட்டுவிடுவார்கள். தெரிந்தே மறைத்தவருக்கு அந்த ஐந்து வருடத்தில் தூக்கம் வருமா என்பது வேறு கேள்வி.

எங்கள் ஊருக்கென்று ஒரு தனிச் சிக்கலும் உண்டு. பழைய டிஸ்சார்ஜ் சம்மரி கேட்டால், “தானேயில நனைஞ்சு போச்சு”, “2015 வெள்ளத்துல போச்சு” என்பார்கள். உண்மைதான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்த பிறகு பீரோவில் காகிதம் மிஞ்சாத வீடுகள் எத்தனையோ. அதனால்தான் மாத்திரைப் பையை நம்புகிறேன். காகிதம் இல்லை என்றால், இப்போது பார்க்கிற டாக்டரிடம் என்னென்ன நோய், எந்த வருடத்திலிருந்து என்று லெட்டர்பேடில் எழுதி வாங்கச் சொல்வேன். அதை ஃபாரத்தோடு இணைத்துவிட்டால் பின்னால் பேச்சுக்கு இடமில்லை.

ஃபாரத்தை நிரப்பும் முன்பே பாலிசி தேவையா என்பதையும் பார்த்துவிட வேண்டும். அரசு ஓய்வூதியர் என்றால் பென்ஷனில் மாதப் பிடித்தத்தோடு அவருக்கென்று ஒரு காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய். எழுபது நிறைந்தவர்களுக்கு வருமானம் பாராமல் 5 லட்சம் என்று ஒன்றிய அரசு 2024 அக்டோபர் 29 அன்று தொடங்கியதும் உண்டு. இதில் எது நமக்குப் பொருந்தும் என்பதை மஞ்சக்குப்பம் ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டுவிட்டு என்னிடம் வாருங்கள் என்று அனுப்பியிருக்கிறேன். கமிஷன் போகும்தான்.

தனியார் பாலிசி என்று முடிவானால், அடுத்து நான் கேட்பது பாதையை. ராத்திரி ரெண்டு மணிக்கு மூச்சு வாங்கினால் வண்டி எந்தப் பக்கம் திரும்பும்? கடலூர்க்காரர்களுக்குப் பாண்டிச்சேரி பக்கம். சிதம்பரத்துக்காரர்கள் முதலில் அண்ணாமலை நகர் பெரிய ஆஸ்பத்திரி. முன்பு ராஜா முத்தையா என்ற பெயரில் இருந்தது, இப்போது அரசு மருத்துவக் கல்லூரி ஆகியிருக்கிறது. அங்கிருந்து பாண்டியோ சென்னையோ. கம்பெனி காட்டும் நெட்வொர்க் பட்டியலில் ஆயிரக்கணக்கில் ஆஸ்பத்திரி இருந்து என்ன, இந்தப் பாதையில் எத்தனை இருக்கிறது என்பதுதான் கணக்கு. வலைத்தளத்தை மட்டும் நம்பாமல், அந்த ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் கவுண்டருக்கே போன் போட்டு, “இந்தக் கம்பெனி கேஷ்லெஸ் இப்ப ஓடுதா?” என்று கேட்பேன். ‘இப்ப’ முக்கியம். ஒப்பந்தம் அறுவதும் ஒட்டுவதுமாக இருக்கும். சில கம்பெனிகளில் ஊரை வைத்து மண்டலம் பிரிப்பார்கள். கடலூர் விலாசத்துக்குப் பிரீமியம் குறைவு, சென்னையில் படுத்தால் பில்லில் ஒரு பங்கு நம் தலையில். சென்னையில் மகன் வீட்டில் பாதி வருடம் இருக்கும் பெரியவர்களுக்கு இது ஆகாது.

கோ-பே, அதாவது பில்லில் நாம் கட்ட வேண்டிய பங்கு, பற்றி ஒரு கணக்கு மட்டும் போட்டுக் காட்டுவேன். முதியோருக்கென்றே வரும் பாலிசிகளில் 20, 30 சதவீதம் என்று இருக்கும். 3 லட்சம் பில்லில் 30 சதவீதம் என்றால் 90,000 ரூபாய் கையிலிருந்து போக வேண்டும். அந்தத் தொகை வங்கியில் எப்போதும் இருக்குமா? இருக்கும் என்றால் குறைந்த பிரீமியத்துக்குப் போகலாம். இல்லை என்றால் வருடம் நாலாயிரம் கூடினாலும் கோ-பே குறைந்ததை எடுங்கள். அறை வாடகையும் இப்படித்தான். நாளுக்கு 5,000 வரை என்று இருக்கும் பாலிசியில் 8,000 ரூபாய் அறைக்குப் போனால், கூடுதல் 3,000 மட்டும் போகும் என்று நினைக்கிறார்கள். டாக்டர் ஃபீஸ், தியேட்டர் சார்ஜ் எல்லாவற்றிலும் எட்டில் மூன்று பங்கு வெட்டு விழும். மருந்து, இம்ப்ளான்ட், பரிசோதனைச் செலவுகளை மட்டும் அப்படி வெட்டக் கூடாது. வெட்டியிருந்தால் சண்டை போடலாம்.

இனி மருந்து. அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் போனில் கேட்பது இதைத்தான்: “அப்பாவோட மாத்திரைக்கு ஒரு பாலிசி இருக்கா அங்கிள்?” அங்கே மெடிகேரில் மருந்துக்கென்றே தனிப் பிரிவு 2006 முதல் இருக்கிறது, வருடம் ஒரு முறை, இலையுதிர் காலத்தில், திட்டத்தை மாற்றிக்கொள்ளலாம். இங்கே அப்படிக் கிடையாது. மாதாந்திர சுகர், பிரஷர் மாத்திரைக்குச் சாதாரண பாலிசி பைசா தராது. ஓபி செலவு சேர்த்த பாலிசிகள் உண்டு. கூடுதலாகக் கட்டுவதையும் திரும்பி வரும் வரம்பையும் அருகருகே எழுதிப் பார்த்தால் பெரும்பாலும் ஒட்டாது. மருந்தைப் பாலிசியிலிருந்து பிரித்துவிடுங்கள் என்பதே என் வழக்கம். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்தால் சுகர், பிரஷர் மாத்திரை இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வரும். மற்றவற்றுக்கு மக்கள் மருந்தகமும், 2025 பிப்ரவரி 24 அன்று திறந்த முதல்வர் மருந்தகங்களும் இருக்கின்றன. அங்கே பிராண்டு பெயரைக் கேட்டால் கிடைக்காது. அட்டையில் அச்சிட்டிருக்கும் மூல மருந்தின் பெயரைக் காட்ட வேண்டும். மாற்றும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை.

ஒரே இடத்தில் மட்டும் மருந்துக்கும் பாலிசிக்கும் முடிச்சு உண்டு. ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முன் 30 நாள், வந்த பின் 60 நாள் என்று பல பாலிசிகளில் மருந்துச் செலவு வரும். சிலவற்றில் இன்னும் கூட. திருப்பாதிரிப்புலியூர் கடையில் “பில் வேணாம்னா பத்து பர்சென்ட் கம்மி” என்றால் அந்த நாட்களில் சம்மதிக்காதீர்கள். நோயாளி பெயரில் பில்லும், டாக்டர் சீட்டும் சேர்ந்தால்தான் பணம்.

கண்புரைக்காகவே பாலிசி கேட்பவர்களுக்கு நான் போடுவதில்லை. கண்புரை, மூட்டு மாற்று, குடலிறக்கம் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் இரண்டு வருடக் காத்திருப்பு. ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு 2024 ஏப்ரலிலிருந்து அதிகபட்சம் மூன்று வருடம், முன்பு நான்கு. கண்ணுக்குத் தவளக்குப்பம் அரவிந்துக்குப் பஸ் ஏறிவிட்டால் இந்த இரண்டு வருடப் பிரீமியத்தை விடக் குறைந்த செலவில் வேலை முடிந்துவிடும்.

இப்போது எடுக்க நல்ல நேரம் என்றே சொல்வேன். 65க்கு மேல் புதிதாகச் சேர்க்க மாட்டோம் என்ற பேச்சுக்கு 2024க்குப் பிறகு விதியில் ஆதாரம் இல்லை. மூத்த குடிமக்களின் பிரீமியத்தை வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதென்றால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தைக் கலந்துகொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்தது. தனிநபர் பாலிசிக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை. பாலிசியில் போன் நம்பர் மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும். ரெனீவல் மெசேஜ் துபாயில் இருக்கும் மகனுக்குப் போய், அவர் டூட்டியில் மறந்து, கட்டிய வருடமெல்லாம் வீணானதைப் பார்த்திருக்கிறேன்.

பாலிசி வந்ததும் கூடவே ஒரு தகவல் தாள் வரும். காத்திருப்பு, கோ-பே, வெட்டு எல்லாம் அதில்தான் இருக்கும். தமிழில் வேண்டும் என்று கேளுங்கள், தர வேண்டும். மாத்திரைப் பையையும் அந்தத் தாளையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். சொன்னதும் எழுதியதும் வேறாக இருந்தால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம். பிறகு க்ளைமை மறுத்தால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள்; அதிலும் தீரவில்லை என்றால் சென்னை காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனுக்கு ஒரு வருடத்துக்குள் எழுதுங்கள். கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம்.