விருந்தாளிக்கு 256 எம்பி

மும்பை திலக் நகரில் ஒற்றை அறை வீட்டுக்கு ஊரிலிருந்து ஆள் வந்தால் இன்னொரு பாய் விரிப்பார்கள். முன்பு தமிழ்க் கல்யாணப் பத்திரிகைகள் அச்சடித்துப் பிழைத்த ஒருவர் வீட்டில், கணினிக்குள்ளும் அப்படியொரு பாய். 1999இல் பேஜ்மேக்கரில் அவர் கோத்துவைத்த, காலஞ்சென்ற தந்தையின் நினைவுக் குறிப்புகள் புதிய விண்டோஸில் திறக்க மறுத்தன. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துரு. வேறெதில் திறந்தாலும் வெறும் கிறுக்கல்.

கல்லூரியில் படிக்கும் மகள், விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளில் விண்டோஸ் 98ஐக் குடியேற்றினாள். கணினியின் நினைவகம் 8 ஜிபி. விருந்தாளிக்குக் கொடுத்தது 256 எம்பி. கருமித்தனமல்ல. 512ஐத் தாண்டினால் அந்தக் கிழம் தடுமாறும். முழு வன்தட்டு என்று அது நம்புவதும், வெளியே இருக்கும் விண்டோஸுக்கு ஒரே ஒரு கோப்புதான்.

"அதுக்குத் தெரியுமா, தான் விருந்தாளின்னு?" என்றார் அப்பா.

"தெரியாதுப்பா. தானே வீட்டுக்காரன்னு நெனச்சுக்கிட்டு இருக்கு."

இருமுறை பாதியில் நின்றது. மூன்றாம் முறை ஒப்புக்கொண்டது. பழைய எழுத்துருவை ஏற்றியதும், தந்தை தாதரில் வந்து இறங்கிய நாள் திரையில் விரிந்தது. இனி ஒவ்வோர் அத்தியாயத்தையும் போஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்பாக அச்சிட்டு, பிடிஎஃப் ஆக்கி வெளியே கொண்டுவர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வேலை.