எண்ணும் வகை

நான் பயின்ற தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறு வகுப்புகள். வகுப்புக்கு ஏழு பிள்ளைகள். ஏழைப் பிள்ளைகளுக்குச் சப்பாத்து வழங்கத் தோட்ட நிர்வாகம் முன்வந்தபோது, பத்துப் பேருக்கு ஓர் இணை என விதி வகுக்கப்பட்டது. கணக்கெழுத வந்த கிராணியார் வகுப்பு வகுப்பாக எண்ணினார். எவ்வகுப்பிலும் பத்துப் பேர் இல்லை; எனவே சப்பாத்தும் இல்லை என்றார். தலைமையாசிரியர் சினங்கொள்ளவில்லை. “ஐயா, பள்ளி ஒன்றுதானே? சேர்த்து எண்ணுங்கள்” என்றார். மொத்தம் 42 பேர். நான்கு இணைகள் வந்தன. நான்காவது இணை எனக்கு வாய்த்தது.

பணி ஓய்வுக்குப்பின் சாலாக் செலாத்தானில் வாழும் எனக்கு, 2019ஆம் ஆண்டில் அந்தச் சப்பாத்து மீண்டும் நினைவுக்கு வந்தது. பிரிக்பீல்ட்ஸ் நண்பர் ஒருவர் தந்த இதழில், இந்தியப் பல்கலைக்கழக ஆசிரியர் நியமனம் பற்றிய வழக்கொன்றைப் படித்தேன்.

அந்நாட்டு மத்தியப் பல்கலைக்கழகங்களில் தாழ்த்தப்பட்டோருக்கு 15, பழங்குடியினருக்கு 7.5, பிற பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு இடங்கள் உரியவை. பல்கலைக்கழகம் முழுவதையும் ஓர் அலகாகக் கொண்டு இவை கணக்கிடப்பட்டு வந்தன. காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் பணி விளம்பரத்தை எதிர்த்து எழுந்த வழக்கில், ஒவ்வொரு துறையையும் தனி அலகாகக் கொள்ள வேண்டுமென அலகாபாத் உயர்நீதிமன்றம் 2017 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. சேர்த்து எண்ணினால் ஒரு துறையின் இடங்கள் யாவும் ஒதுக்கீட்டுக்கும், மற்றொன்றின் இடங்கள் யாவும் பொதுப் பிரிவுக்கும் போய்விடக்கூடும் என்பது அதன் கவலை. அது புறக்கணிக்கத்தக்க கவலையன்று.

ஆயினும் விளைவைக் கணக்கிட்டுப் பாருங்கள். 27 விழுக்காடு ஒரு முழு இடமாகத் திரள நான்கு இடங்கள் வேண்டும், 15 விழுக்காட்டுக்கு ஏழு, 7.5 விழுக்காட்டுக்குப் பதினான்கு. சிறிய துறையொன்றில் பதினான்காம் நியமனம் வருவதற்குள் ஒரு தலைமுறையே கழிந்துவிடும். சட்டத்தில் ஓரெழுத்தும் அழியவில்லை. உரிமை மட்டும் பின்னமாகிக் கரைந்தது.

பல்கலைக்கழக மானியக் குழு 2018 மார்ச்சில் துறைவாரிக் கணக்கைப் பின்பற்ற ஆணையிட்டது. அத்தீர்ப்பை எதிர்த்த மேல்முறையீட்டை உச்சநீதிமன்றம் 2019 சனவரியில் தள்ளுபடி செய்தது. ஆசிரியரும் மாணவரும் வீதிக்கு வந்தனர். அவ்வாண்டு மார்ச்சில் அவசரச் சட்டமும், சூலையில் நாடாளுமன்றச் சட்டமும் பிறந்து, கல்வி நிலையத்தை மீண்டும் ஓர் அலகாக்கின.

இதைப் படித்து மகிழ்ந்த நான், உடனே நாணவும் நேர்ந்தது. கிள்ளானில் ஆசிரியனாக இருந்த காலத்தில், உதவி நூல்களை ஐந்து ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு தொகுதி என வகுப்புவாரியாகப் பங்கிட்டேன். ஒரு வகுப்பில் மூன்று பேரே இருந்தனர். விதியைக் காட்டி அவர்களை வெறுங்கையோடு அனுப்பினேன். பள்ளி முழுவதையும் சேர்த்து எண்ண எனக்குத் தோன்றவில்லை. தலைகுனிந்து நின்ற அப்பிள்ளைகளின் பார்வை என் சப்பாத்தின்மேல் இருந்ததை மட்டும் இன்றும் மறக்க இயலவில்லை. நான்காவது இணையைப் பெற்றவனே கிராணியாராகிவிட்டேன்!

ஆசிரியப் பெருமக்களே, வகுத்தலைக் கற்பிக்கும்போது விடையோடு நிறுத்திவிடாதீர்கள். எவ்வளவு தருகிறார்கள் என்று கேட்கும் மாணவன், எதனை ஒன்றாகக் கொண்டு எண்ணுகிறார்கள் என்றும் கேட்கப் பழகட்டும்.