கோலாலம்பூரில் ஒரு கிழ லேண்ட் ரோவர்

கோலாலம்பூருக்குப் போகும் தமிழர்கள் இரட்டைக் கோபுரத்தைப் பார்ப்பார்கள், பத்துமலைப் படியேறுவார்கள், மஸ்ஜித் இந்தியாவில் துணி எடுப்பார்கள். நானும் அதையெல்லாம் செய்தேன். ஆனால் மலேசியாவில் என்ன பார்த்தாய் என்று யாராவது கேட்டால், மஸ்ஜித் இந்தியாவின் பின்சந்து ஒன்றில் நிற்கும் ஒரு பழைய லேண்ட் ரோவரைப் பற்றித்தான் முதலில் சொல்கிறேன்.

கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் முனையில் 1909-இல் கட்டிய ஜாமெக் பள்ளிவாசல் இருக்கிறது. அங்கிருந்து நடக்கிற தூரம்தான் மஸ்ஜித் இந்தியா. தமிழ் முஸ்லிம் வணிகர்கள் 1863-இல் எழுப்பிய பள்ளிவாசல் அது. தெருவுக்கும் அதன் பெயரே. வெள்ளிக்கிழமை குத்பா உரை இன்றும் தமிழில் நடக்கிறது. வெளியே வந்தால் சேலைக்கடை, பாத்திக் துணி, தங்கம், மல்லிகைச் சரம், மாமாக் எனும் தமிழ் முஸ்லிம் உணவுக்கடையில் உயர்த்தி ஆற்றும் தே தாரிக் டீ. இந்த நெரிசலில், பளபளக்கும் மைவி, புரோட்டான் கார்களுக்கு நடுவே, கரும்பச்சை நிறத்தில் பெட்டி போல ஒரு வண்டி. எழுபதுகளில் செய்த லேண்ட் ரோவர் சீரிஸ் 3. காட்சிக்கு நிறுத்திய வண்டி அல்ல. அன்று காலையில்தான் துணிப்பொதிகளை இறக்கிவிட்டு நின்றது.

அதன் உரிமையாளர் ஒரு துணிக்கடைக்காரர். ராமநாதபுரம் பக்கத்துப் பூர்வீகம், பிறந்தது கோலாலம்பூரில். நான் வண்டியைச் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்துவிட்டு, "பசியாறிட்டீங்களா தம்பி?" என்று கேட்டு உட்காரவைத்தார். "பாய், இது இன்னும் ஓடுதா?" என்றேன். "நாளைக்குக் கிள்ளான் போறேன், கூட வாங்க. நீங்களே பார்த்துக்கலாம்" என்றார்.

உயரமான வண்டி மீது அவருக்கு ஆசை வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1971 ஜனவரியில் கோலாலம்பூரைப் பெருவெள்ளம் மூழ்கடித்தது. ஆற்றோரத்தில் இருக்கும் இந்தக் கடைவீதிகள் தப்பவில்லை. அவருடைய அத்தாவின் கடையிலும் தண்ணீர் ஏறி, துணியெல்லாம் சேறாகிவிட்டது. வெள்ளத்தைத் திருப்பிவிட 9.7 கிலோமீட்டர் நீளத்தில் ஸ்மார்ட் சுரங்கம் நகருக்கு வந்தது 2007-இல்தான். சிறுவயதில் பார்த்த அந்தத் தண்ணீர் பாயின் மனத்தில் தங்கிவிட்டது. கடை கைக்கு வந்ததும் கேமரன் மலையில் ஒரு காய்கறித் தோட்டக்காரரிடம் இந்த வண்டியை வாங்கித் தாப்பா மலைப்பாதை வழியாக இறக்கிக் கொண்டுவந்தார்.

லேண்ட் ரோவருக்கும் மலாயாவுக்கும் உள்ள உறவுக்கு ஏறக்குறைய அந்த வண்டியின் வயதே. 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் முதல் லேண்ட் ரோவர் உலகுக்கு அறிமுகமானது. அதே ஆண்டு ஜூனில் மலாயாவில் அவசரகாலம் தொடங்கியது. 1960 வரை நீடித்தது. பிரிட்டிஷ் படையோடு இந்த வண்டிகள் காட்டுப்பாதைகளில் புகுந்தன. பின்னால் ரப்பர் தோட்டத்து மானேஜர்களிடம் வந்தன. அங்கிருந்து கேமரன் மலையின் சரிவுகளுக்குப் போய், முட்டைக்கோஸும் தக்காளியும் சுமக்கத் தொடங்கின. இன்றும் தானா ராத்தா, பிரிஞ்சாங் பக்கம் போனால் காய்கறிக் கூடையோடு சேறு பூசிய சீரிஸ் வண்டிகள் எதிரே வரும். கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்புகளையும், டார்ஜிலிங் அருகே மானேபஞ்சாங்கிலிருந்து சந்தக்பூவுக்கு ஏறும் ஐம்பதுகளின் லேண்ட் ரோவர்களையும் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புரியும். பாதை கடினமாக இருக்கும் இடத்தில்தான் பழைய வண்டிக்கு மதிப்பு.

மறுநாள் காலையில் கிளம்பினோம். ஃபெடரல் நெடுஞ்சாலையில் எல்லா வண்டிகளும் எங்களை முந்திப் போயின. பாய் அவசரப்படவில்லை. 2,286 சிசி பெட்ரோல் எஞ்சின் சீராக உறும, வண்டி இடது ஓரமாகப் போனது. கியர்க் கம்பிக்குப் பக்கத்தில் சிவப்புத் தலையோடு ஒரு கம்பியும் மஞ்சள் தலையோடு ஒரு கம்பியும் இருந்தன. மஞ்சளை அமுக்கினால் நாலு சக்கரமும் இழுக்கும். சிவப்பைப் பின்னால் இழுத்தால் வேகம் குறைந்து இழுவை கூடும். செங்குத்தான ஏற்றத்துக்கும் ஆழமான சேற்றுக்கும் அதுதான். "இங்கே மஞ்சளை அமுக்கினா என்ன ஆகும் பாய்?" என்று கேட்டேன்.

"தார் ரோட்டில் தொடவே கூடாது தம்பி" என்றார். காரணத்தையும் சொன்னார். வளைவில் திரும்பும்போது முன்சக்கரங்கள் அதிக தூரம் ஓடுகின்றன, பின்சக்கரங்கள் குறைவாக ஓடுகின்றன. முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே அந்த வித்தியாசத்தை ஏற்றுக்கொள்ளும் டிஃபரன்ஷியல் இந்த வண்டியில் கிடையாது. சேற்றிலும் மணலிலும் சக்கரம் கொஞ்சம் வழுக்கிச் சரிசெய்துகொள்ளும். உலர்ந்த தாரில் வழுக்க இடமில்லாமல், முறுக்கு முழுவதும் கியரிலும் ஆக்ஸிலிலும் ஏறும். நல்ல எஞ்சினோடு வாங்கிய நாலு சக்கர இழுவை வண்டிகள் பல இந்த ஒன்று தெரியாததாலேயே கெட்டுப்போகின்றன.

கிள்ளானைத் தாண்டிக் காப்பார் சாலையில் ஒரு தமிழரின் வர்க் ஷாப். காப்பார், மேரு பக்கமெல்லாம் பழைய உதிரிபாகக் கிடங்குகள். ஜப்பானில் பாதியாக அறுத்த கார்கள் கப்பலில் வந்து இறங்கி, எஞ்சின் வேறு, கியர்பாக்ஸ் வேறாக அடுக்கியிருக்கும். ஹாஃப் கட் என்பார்கள். பல பழைய நாலு சக்கர இழுவை வண்டிகளுக்கு இங்கேதான் ஜப்பானிய டீசல் எஞ்சின் கிடைக்கிறது. மாற்று எஞ்சின் போட்டால் அதை ஜே.பி.ஜே. என்ற சாலைப் போக்குவரத்துத் துறையில் முறையாகப் பதிய வேண்டும். பாய் மட்டும் பழைய எஞ்சினை விடவில்லை.

அங்கே மெக்கானிக்கைப் போமன் என்பார்கள். அந்த வர்க் ஷாப்பின் போமன் அண்ணனுக்கு அறுபதைத் தாண்டிய வயது. அவருடைய அப்பா தோட்டத்து மானேஜரின் லேண்ட் ரோவரை ஓட்டியவராம். பையனாக இருந்தபோதே அந்த வண்டியின் அடியில் படுத்துத் தொழில் கற்றிருக்கிறார். எங்களைப் பார்த்ததும் எஞ்சின் மூடியைத் திறப்பார் என்று நினைத்தேன். அவர் ஒரு சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு நேராக வண்டிக்கு அடியில் போனார்.

லேண்ட் ரோவரின் உடல் அலுமினியக் கலவைத் தகடு. போருக்குப் பின் இங்கிலாந்தில் எஃகுத் தட்டுப்பாடு இருந்ததால் வந்த ஏற்பாடு அது. துருப்பிடிக்காது. ஆனால் அந்த உடலைத் தாங்கும் சேஸிஸ் எஃகு. உள்ளே குழிவான பெட்டிச் சட்டம். மலேசிய மழையில் சேறும் தண்ணீரும் அந்தக் குழிக்குள் போய்த் தங்கும். துரு உள்ளிருந்து வெளியே தின்றுகொண்டு வரும். வெளியே கறுப்புச் சாயம் மின்னும்போதே உள்ளே சல்லடையாகியிருக்கும்.

அண்ணன் முன்னிருந்து பின்வரை ஒவ்வொரு சாணாகத் தட்டிக்கொண்டு போனார். டங், டங் என்று கேட்டது. பின்சக்கரத்துக்கு மேலே சட்டம் வளையும் இடத்தில் ஓசை 'டப்' என்று அமுங்கியது. அங்கே நிறுத்தினார். கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார். காசளவு பழுப்பு உதிர்ந்தது. "இன்னும் ஓட்டை விழல சார். இப்ப வெட்டி எடுத்து நல்ல இரும்பு வர்ற இடத்தில் வெல்டு வைக்கணும். துரு மேலயே தகடு ஒட்டினா தண்ணி உள்ளே மாட்டிக்கும், ஒரே வருஷத்தில் பக்கத்தையும் தின்னுடும் லா" என்றார். முன் வலது ஸ்பிரிங் தாங்கியருகே பொறித்த சேஸிஸ் எண்ணைத் துணியால் துடைத்து எனக்குக் காட்டினார். அதில் மெழுகு பூசி வைத்திருந்தார். எண் துருவில் அழிந்தால், வண்டி எவ்வளவு நன்றாக ஓடினாலும் சட்டத்தின் கண்ணில் அதற்கு அடையாளம் இல்லை.

அடுத்து பின் டிஃபரன்ஷியலின் ஆயில் திருகைக் கழற்றினார். பாய் முந்தின வாரம் ஹுலு லங்காட் பக்கம் ஓர் ஓடையைக் கடந்திருந்தார். சொட்டிய ஆயில் தே தாரிக் நிறத்தில் இருந்தது. தண்ணீர் கலந்துவிட்டது. சாலையில் ஓடிச் சூடேறிய ஆக்ஸில் குளிர்ந்த ஓடையில் இறங்கும்போது உள்ளே காற்று சுருங்கும். மேலே இருக்கும் காற்றுத்துளை சேறடைத்திருந்தால், ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஆயிலை மாற்றி, காற்றுத்துளையைச் சுத்தம் செய்ய அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அப்படியே விட்டிருந்தால் பேரிங்கும் பல்சக்கரமும் துருவேறி, ஒரு நாள் நடுச்சாலையில் வண்டி நின்றிருக்கும்.

பிரேக்குக்குத்தான் அவர் அதிக நேரம் கொடுத்தார். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இறக்கத்தில் பிரேக் சூடாகும்போது அந்த ஈரம் கொதித்து ஆவியானால் பெடல் தரைவரை போய்விடும். அதனால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதையும் மாற்றிவிடுகிறார். டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தையும் படித்துப் பார்த்தார். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. வார இறுதியில் மட்டும் ஓடும் வண்டியின் டயர் தேய்வதில்லை. தேயாமலே கெட்டியாகி வெடிப்பு விடுகிறது.

மலேசியாவில் சொந்தக் காருக்கு வயது வரம்பு கிடையாது, ஆண்டுதோறும் கட்டாயச் சோதனையும் கிடையாது. 2009-இல் 15 ஆண்டு தாண்டிய வண்டிகளுக்குக் கட்டாயச் சோதனை என்று அரசு அறிவித்தது. எதிர்ப்பு எழுந்ததும் விரைவிலேயே கைவிட்டது. ஆனால் உரிமை கைமாறும்போது சோதனைக்குப் போயாக வேண்டும். 1994 முதல் அந்த வேலையைப் புஸ்பாகோம் மட்டுமே பார்த்துவந்தது. 2024-இல்தான் மற்ற நிறுவனங்களுக்கும் கதவு திறந்தது. வண்டியை வாங்கியபோது பாய் அந்தச் சோதனையைக் கடந்தார். சேஸிஸ் எண், எஞ்சின் எண், உருளைமேல் ஏற்றி பிரேக், விளக்கு, புகை, அடிப்பாகம் எல்லாம் பார்த்தார்கள். அதன்பின் யாரும் கேட்காமலே, காசு கட்டித் தானாகவே அவ்வப்போது சோதனைக்குப் போகிறார். "எனக்காக இல்லை தம்பி, ரோட்டில் எதிரே வர்றவங்களுக்காக" என்றார். சட்டம் கேட்காத ஒன்றை மனிதர் தாமே செய்வதைப் பார்த்த வியப்பு எனக்கு இன்னும் அடங்கவில்லை.

2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கு மறுபடி மூழ்கியது. ஷா ஆலமில் தாமான் ஸ்ரீ மூடா வீடுகளின் மாடிகளில் சிக்கிய மக்களை மீட்கப் படகுகள் போயின. நாலு சக்கர இழுவை வண்டி வைத்திருந்தவர்கள் போகக்கூடிய ஆழம்வரை போய் உணவும் மருந்தும் சேர்த்தார்கள். பாயும் போனார். புதிய கார்கள் ஆயிரக்கணக்கில் தண்ணீரில் கிடந்த ஊரில் இந்தக் கிழ வண்டிக்கு வேலை இருந்தது. திரும்பி வந்ததும் அவர் செய்த முதல் காரியம், நான் பார்த்தேனே அதே ஆயில் திருகைக் கழற்றியதுதான்.

நம் இந்தியாவில் சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டு. அதன்பின் தகுதிச் சான்று வாங்கி ஐந்தைந்து ஆண்டாக நீட்டிக்கலாம். டெல்லியில் டீசலுக்கு 10 ஆண்டு, பெட்ரோலுக்கு 15 ஆண்டு என்று வயதையே அளவுகோலாக வைத்து விதி போட்டார்கள். நகரத்துப் புகையை நினைத்தால் அந்தக் கவலை நியாயமானது. ஆனால் வண்டியின் பாதுகாப்பை வயது மட்டும் சொல்லாது. கவனிக்காத எட்டு வயது வண்டி, கவனித்த நாற்பது வயது வண்டியைவிட ஆபத்தானது. காப்பார் சாலையில் அந்தச் சுத்தியல் ஓசையைக் கேட்ட யாரும் இதை மறுக்க மாட்டார்கள்.

வால்பாறையிலும் கொடைக்கானலிலும் போடியிலும் பழைய ஜீப்போ ஜிப்ஸியோ கமாண்டரோ வைத்திருக்கும் நண்பர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பெயின்டுக்கும் ஹாரனுக்கும் செலவழிக்கும் முன் ஒரு சுத்தியலோடு வண்டிக்கு அடியில் போய்ச் சேஸிஸைத் தட்டிப் பாருங்கள். முதல் செலவு பிரேக்குக்கு, இரண்டாவது டயருக்கு, மூன்றாவது துருவுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடை கடந்தால் அந்த வாரமே ஆயிலைத் திறந்து பாருங்கள். தகுதிச் சான்றை அலுவலக முத்திரையாக நினைக்காமல், எதிரே வருகிறவருக்கு நீங்கள் கொடுக்கும் உறுதிமொழியாக நினையுங்கள். சேஸிஸ் தாங்காது என்று நம்பிக்கையான மெக்கானிக் சொல்லிவிட்டால், எவ்வளவு ஆசை இருந்தாலும் அந்த வண்டியைச் சாலைக்குக் கொண்டுவராதீர்கள். தாங்கும் என்றால், வயதைக் காட்டி யார் சொன்னாலும் காயலான் கடைக்குத் தள்ளிவிடாதீர்கள்.