சிப்பிக்குள் குடியேறியது

அரியலூர்ப் பிள்ளைகளுக்குச் சிப்பி பொறுக்கக் கடற்கரை வேண்டியதில்லை. கல்லங்குறிச்சிப் பக்கம் ஒரு மழை அடித்து ஓய்ந்தால் போதும். ஓடைக்கரை மண் கரைந்து, உள்ளங்கை அகலச் சிப்பிகள் வெளியே தெரியும். சிமென்ட் ஆலைக்குப் போகும் லாரிகளிலிருந்து சிதறும் சுண்ணாம்புக்கல்லிலும் இருக்கும். எங்கள் வீட்டில் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்திருந்ததும் அப்படியொரு சிப்பிதான். கடல் கிழக்கே எண்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. இது எப்படி இங்கே வந்தது என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை.

ஒரு ஐப்பசி மாதம் எனக்குக் கிடைத்த சிப்பி வேறு மாதிரி இருந்தது. கிண்ணம்போலக் குழிந்த அதன் உட்புறத்தில், பென்சில் பருமனில் வெள்ளையாக ஒரு குழாய் வளைந்து நெளிந்து ஒட்டிக்கிடந்தது. அப்பாயி பார்த்ததும் கையை உதறினாள்.

“நாகக்குட்டிடா அது. கொண்டுபோய்ப் புத்துகிட்ட வச்சிட்டு வா.”

நான் டவுசர் பைக்குள் ஒளித்துக்கொண்டேன். மழைக்காலம் முடிந்தால் காரைப் பள்ளங்களையும் எங்கள் ஊர்ச் சுரங்கங்களையும் பார்க்க நிலவியல் மாணவர்கள் பஸ்ஸில் வருவார்கள். கையில் சுத்தியல், கழுத்தில் லென்ஸ். அவர்களோடு வந்த வாத்தியாரிடம் சிப்பியை நீட்டினேன்.

“எங்க எடுத்த தம்பி?” என்றுதான் முதலில் கேட்டார். ஓடையைக் காட்டினேன். பிறகு மாணவர்களிடம் கொடுத்து, “என்னன்னு சொல்லுங்க” என்றார்.

பவளம் என்றார் ஒருவர். “பவளம்னா உள்ளே நடுவை நோக்கித் தடுப்பு இருக்கணுமே, எங்கே?” பிரையோசோவா என்றார் இன்னொருவர். “அது கூட்டமா வாழ்ற உயிர். லென்ஸ்ல பார்த்தா பொடிப்பொடியா அறைகள் தெரியும். இதுல ஒரே வாய்தான்.” குழாய் நத்தை என்றது மூன்றாவது குரல். “நத்தைன்னா தொடங்குற இடத்துல சின்னச் சுருள் இருக்கும். இதுல இல்லை.” கடைசியில் அவரே சொன்னார்: கடற்புழு ஒன்று தன்னைச் சுற்றிச் சுண்ணாம்பால் கட்டிய வீடு. செர்புலிட் வகை. இன்றைக்கும் கடலில் படகின் அடியிலும் பாறையிலும் அதன் உறவுகள் இப்படியே ஒட்டிக்கொள்கின்றன.

பெயர் தெரிந்ததும் நான் கையை நீட்டினேன். அவர் விடவில்லை.

“எந்தப் பக்கம் ஒட்டியிருக்கு பாரு.”

“உள்பக்கம் சார்.”

“உசிரோட இருக்கிற சிப்பிக்குள்ள, அதோட சதை இருக்கிற இடத்துல, இது வீடு கட்ட முடியுமா?”

அப்போதுதான் அங்கே நடந்தது எனக்குப் புரிந்தது. சிப்பி செத்திருக்கிறது. சதை அழுகி, மூடி கழன்று, ஓடு கடலடியில் திறந்து கிடந்திருக்கிறது. உடனே மண் மூடவில்லை. ஒரு புழு வந்து குடியேறி வளரும் மட்டும் அது அப்படியே கிடந்திருக்கிறது. இதே குழாய் வெளிப்புறத்தில் இருந்திருந்தால், இரண்டும் ஒரே காலத்தில் வாழ்ந்தனவா என்பதை அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஏறத்தாழ ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன், இந்த ஊர் கடலுக்கடியில் இருந்தபோது நடந்த சங்கதி.

இந்தப் பகுதியின் கடல் உயிர்களை ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா பெரும் தொகுதிகளாக எழுதி வைத்தார் என்பதைக் கல்லூரியில்தான் அறிந்தேன். மொராவியாவில் பிறந்து இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்த அவர், 1874இல் லடாக்கில் இறந்தபோது வயது 36. நத்தைகள், சிப்பிகள், பிரையோசோவா, பவளங்கள் என்று தனித்தனியாக அவர் பிரித்து வகைப்படுத்தியவற்றில் பல, எங்கள் ஓடையில் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிக்கிடப்பவை.

அரியலூர்ப் பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். சிப்பிமேல் ஏதாவது ஒட்டியிருந்தால், அழகாக இருக்கிறதே என்று அதை மட்டும் பெயர்த்து எடுக்காதீர்கள். எடுத்த இடத்தை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, சிப்பியோடு சேர்த்தே தெரிந்தவரிடம் காட்டுங்கள். பெயர்த்த குழாயை வைத்துப் பெயரைச் சொல்லிவிடலாம். சிப்பி செத்த பிறகு அது வந்து குடியேறிய கதையைச் சொல்ல முடியாது.