முகமும் முதுமையும்

2023ஆம் ஆண்டு ஒன்றுகூடலிலே, எம்முடன் ஒரே வாங்கில் இருந்து பயின்ற நண்பரொருவரை யாம் அடையாளங் காணாது நின்றோம். அகவை ஐம்பத்தாறே, தோற்றமோ எழுபதைக் கடந்ததாயிருந்தது. முகம் ஊதி, கண்மடல் தடித்து, புருவத்தின் வெளியோரம் உதிர்ந்து, குரலுங் கரகரத்திருந்தது. யாழ்ப்பாணத்து ஆவணி வெயிலிலே கம்பளிச் சட்டை வேறு! "பாட்டனார் வந்துவிட்டார்" என்று யாம் நகையாடினோம். அவரும் உடன் சிரித்தார்.

மருத்துவரான தோழர் ஒருவர் மட்டுஞ் சிரித்திலர். நண்பரைத் தனியே அழைத்து, குளிர் தாங்குகின்றதா, மலச்சிக்கல் உண்டா என்றெல்லாம் வினவி, இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். கழுத்திலுள்ள தைரொயிட்டுச் சுரப்பி மந்தமுற்றிருந்தமை தெரியவந்தது. அதன் சுரப்புக் குன்றின் உடற்சூடு தணியும், தோல் வரளும், நீரைப் பிடித்துவைக்கும் பசைப்பொருள் தோலினுட் சேர்ந்து முகத்தை வீங்கச் செய்யும். 1891ஆம் ஆண்டில் ஜோர்ஜ் மறே என்னும் ஆங்கில மருத்துவர், இந்நோயுற்ற மாதொருத்திக்குச் செம்மறியாட்டின் சுரப்பிச் சாற்றை ஊசிமூலம் ஏற்றினார்; அவள் பின்னும் 28 ஆண்டுகள் வாழ்ந்தாள். இன்றோ, காலையில் வெறுவயிற்றில் உட்கொள்ளும் சிறு தைரொட்சின் குளிகை போதும்.

நரையுந் திரையும் யாவர்க்கும் வருவனவே. அவற்றையெல்லாம் நோயென்று அஞ்சுதல் பேதைமை. ஆயின், நண்பரின் முகத்தில் யாம் கண்டது முதுமையன்று.

மறுவருடம் அவர் பழைய முகத்தோடு வந்தார். "அன்று நீங்கள் சொன்ன பகிடி என்னை இரண்டு இரவு உறங்கவிடவில்லை" என்றார். யாம் தேநீரை எடுத்து நீட்டினோம். மறுமொழிக்கு நா எழவில்லை.