ஏறாவூர்க் காட்டு வேழம்

அருங்காட்சிச் சாலையில் ஆசிரியன் வாய் ஓய்ந்தால் மாணவன் கண் திறக்கும் என்பது எம் துணிபு. கண்டித் தலதா மாளிகையில், 1988இல் இறந்து பாடஞ்செய்யப்பெற்ற இராஜா யானையை எம் மாணவர்க்குக் காட்டியபோது யாம் யாதும் விளக்கிலேம். "வினாக்களை நீங்களே எழுப்புங்கள்" என்று அமைந்தோம்.

கொம்பின் நீளம், தோலின் பதம் எனக் கேள்விகள் பெருகின. பெரஹராவிற் புனிதப் பேழை சுமந்து, 1986இல் தேசியச் செல்வமென அறிவிக்கப்பெற்ற அக்களிறு எங்கிருந்து வந்தது என ஒருவன் வினவினான். எம் ஏறாவூர்க் காட்டிற் பிடிபட்டது என்றோம். அனைவரும் வாயடைத்து நின்றனர்.

படுவான்கரை மாணவன் ஒருவன், "ஐயா, இங்கே வணங்கும் இனத்தை எங்கள் வேளாண்மைக்குள் வந்தால் வெடி கொளுத்தித் துரத்துகிறோமே, ஏன்?" என்றான்.

ஊர் திரும்பும்வரை மாணவரே விடை தேடினர். காடு சுருங்கியதை ஒருவன் சொன்னான்; விளைவிழந்த உழவனை மற்றொருவன் நினைவூட்டினான். யாம் கேட்டிருந்தோம்.